கையோடு கையாக

வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு கால்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும். டாலஸ், ஹூஸ்டன், பீனிக்ஸ் என்று எந்த ஊரில் வீடு வாங்கினாலும் நாலாவது வீட்டுக்காரர் அவர்தான். முகத்தை நாம் அதிகம் பார்த்திருக்க மாட்டோம். சனிக்கிழமை காலை கராஜ் கதவு மேலே ஏறியதும் கால்கள் வெளியே வரும். ஞாயிறு இரவு உள்ளே போகும். இடையிடையே ஒரு கை மட்டும் நீளும். அதில் ஸ்பேனரையோ பீர் கேனையோ, கேட்டது எதுவோ அதை வைத்துவிட்டு நகர வேண்டியது அக்கம்பக்கத்தாரின் கடமை.

எங்கள் தெருக்காரர் கையில் சிக்கியிருப்பது 1970ஆம் வருடத்து செவர்லே சி-10 பிக்அப். உங்கள் தெருவில் ஃபோர்டு எஃப்-100 ஆக இருக்கலாம். வித்தியாசம் வண்டியில்தான், ஆளில் இல்லை. சரக்கு ஏற்றுவதற்கென்றே செய்த வண்டியைத் தரையோடு தரையாக இறக்கி, இரண்டு மூட்டை சிமென்ட் வைத்தாலே டயர் உரசும்படி ஆக்கிவைப்பதில் இவர்களுக்கு அப்படி ஓர் ஆனந்தம். பரம்பரை வேறு பெரியது. கலிபோர்னியாவில் வண்டியைத் தாழ்த்திக்கொண்டு ஊர்வலம் போகிறவர்கள் பெருகிப்போய், சக்கர விளிம்பின் அடிமட்டத்துக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் தொங்கக் கூடாது என்று 1958இல் சட்டம் போட்டார்கள். மறு வருடமே ரான் அகிரே என்பவர் தன் கார்வெட்டில் ஹைட்ராலிக் பம்பு வைத்து, போலீஸைக் கண்டால் தூக்கிக்கொள்ளவும் போலீஸ் போனதும் இறக்கிக்கொள்ளவும் வழி கண்டுபிடித்துவிட்டார். அந்தச் சட்டத்தின் பிடி 2024 ஜனவரியில்தான் விலகியது. இதையெல்லாம் எனக்குச் சொன்னது அந்தக் கால்கள்தான்.

தாழ்த்தட்டும். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. என் ஆட்சேபம் எல்லாம் அவருடைய ஒரே ஒரு வழக்கத்தின் மேல்: எதைக் கழற்றினாலும், பக்கத்தில் இருப்பதையும் கையோடு கையாகப் பார்த்துவிட வேண்டும்.

ஆரம்பம் பின்பக்க ஷாக் அப்சார்பர் ஒன்று. எண்ணெய் கசிந்தது. புதிது போட அரை மணி நேரம் பிடிக்கும். அடியில் படுத்தவர் கண்ணில் ஸ்பிரிங் பட்டது. எப்படியும் ஷாக் கழன்றுவிட்டது, கையோடு கையாக ஐந்து அங்குலம் இறக்கும் குட்டை ஸ்பிரிங்கைப் போட்டால் என்ன? போட்டார். வண்டி அழகாகத்தான் உட்கார்ந்தது. முதல் வேகத்தடையில் ‘டமார்’ என்று ஒரு சத்தம். எங்கள் வீட்டுச் சமையலறை வரை கேட்டது. ஆக்சில் எழும்பிச் சேஸியில் இடித்திருக்கிறது. எழும்புவதற்கென்று கம்பெனிக்காரன் விட்டுவைத்த இடைவெளியைத்தான் இவர் அழகுக்காகச் செலவழித்துவிட்டாரே.

அதற்கும் மருந்து உண்டு. ஆக்சிலுக்கு நேர் மேலே சேஸியின் அடிப்பாகத்தை அரைவட்டமாக வெட்டி எடுத்து, வெட்டிய இடம் பலவீனமாகாமல் ‘சி’ வடிவத்தில் கனத்த இரும்பை வைத்து முடுக்க வேண்டும். சி-நாட்ச் என்கிறார்கள். வெட்டுவதற்கு மேலே இருக்கும் சரக்குப் பெட்டியைத் தூக்கியாக வேண்டும். பெட்டியைத் தூக்க நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேரில் ஒருவன் நான்.

பெட்டி இறங்கியதும் அதன் தரைப் பலகைகள் கண்ணில் பட்டன. மட்கிப் போயிருந்தன. கையோடு கையாக அவையும் வெளியே வந்தன. அடுத்தது பெட்ரோல் டேங்க். 1967 முதல் 1972 வரை வந்த சி-10களில் டேங்க் கேபினுக்குள்ளேயே, சீட்டுக்குப் பின்னால் இருக்கும். முதுகுக்குப் பின்னால் இருபது காலன் போலப் பெட்ரோலைச் சுமந்துகொண்டு ஐம்பது வருடம் ஓடிய வண்டியில், இனி ஒரு நாள்கூட அப்படி ஓட்ட முடியாது என்று அவருக்கு அன்று பிற்பகல் இரண்டு மணிக்குத் தோன்றிவிட்டது. பெட்டிதான் இறங்கிவிட்டதே, டேங்கைப் பின்னால் சேஸிக் கட்டைகளுக்கு நடுவே மாற்றிவிடலாம். சீட் வெளியே வந்தது. கேபினுக்குள் இனி பெட்ரோல் வாடை இருக்காது. உட்கார இடமும் இல்லை.

வெள்ளையடிக்கப் போய் வீட்டை இடித்துக் கட்டுகிற ஆட்கள் நம் ஊரிலும் உண்டு. ஆனால் நம் ஆளுக்குக் கொத்தனார் கூலி என்று ஒன்று இருக்கிறது. ஓரிடத்தில் நின்றே தீர வேண்டும். இவருக்குக் கொத்தனாரும் இவரே, சித்தாளும் இவரே. யார் நிறுத்துவது?

டேங்க் முடிந்ததும் பான்ஹார்டு ராடு. ஒரு முனை சேஸியிலும் மறு முனை ஆக்சிலிலும் மாட்டிய கம்பி. ஆக்சில் இடவலமாக நகராமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. வண்டியைத் தாழ்த்தினால் கம்பி சாய்ந்து ஆக்சிலை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். கம்பி குட்டையாக இருந்தால் தள்ளல் அதிகம். ஒரு பக்க டயர் சேஸிப் பக்கமாக உள்ளே பதுங்க, மறுபக்க டயர் வெளியே எட்டிப் பார்த்தது. நீளமான, முறுக்கிச் சரிசெய்யக்கூடிய புதுக் கம்பி வரவழைத்தார். பார்சலைப் பிரித்து என்னிடம் காட்டினார். பளபளப்பான கறுப்புச் சாயம், இரண்டு முனையிலும் ரப்பர் புஷ். நன்றாகத்தான் இருந்தது.

அன்றைக்கே இன்னொரு பிரசங்கமும் நடந்தது. பெரும்பாலான லாரிகளுக்கு இருப்பதுபோல் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங் இல்லாமல், இரண்டு நீண்ட இரும்புக் கைகளும் சுருள் ஸ்பிரிங்கும் வைத்து இந்த வண்டியை செவர்லே செய்திருக்கிறது. அந்தக் கைகளைப் பற்றி அவர் பேசும்போது குரல் தழுதழுத்தது. நாஸ்கார் கப் பந்தயக் கார்கள் 2021 வரை இதே அமைப்பில்தான் ஓடின, 2022இல்தான் மாற்றினார்கள், மணிக்கு இருநூறு மைலில் ஓடும் காருக்குப் போதுமானது இது, யாராவது இதைக் கழற்றுவானா என்று என்னையே கேட்டார். நான் மாட்டேன் என்றேன்.

அடுத்த வாரம் கழற்றிவிட்டார்.

டாலஸுக்குத் தெற்கே வாக்ஸஹாச்சி என்று ஓர் ஊர். இந்த வண்டிகளுக்கென்றே அங்கே கண்காட்சி கூடும். மனைவியின் டொயோட்டாவில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர், ஃபோர்-லிங்க் என்ற பூதத்தோடு திரும்பினார். கீழே இரண்டு, மேலே இரண்டு என நாலு கம்பிகள் ஆக்சிலைப் பிடிக்கும். மேல் கம்பிகளை முக்கோணமாகச் சாய்த்து வைத்தால், இடவல நகர்வையும் அவையே தடுத்துவிடும்; பான்ஹார்டு ராடு தேவையில்லை. ஆம், அந்தப் புதுக் கம்பிதான். இப்போது ரப்பர் புஷ்ஷோடு கராஜ் சுவரில் தொங்குகிறது. ஒரு மைல்கூட ஓடவில்லை.

ஃபோர்-லிங்க் வைத்தால் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் பார்க்க வேண்டும். இந்த இடத்தில்தான் நான் வண்டியின் உதிரிபாகமாக ஆனேன். கியர்பாக்ஸின் வால் மூன்று டிகிரி கீழே பார்த்தால், டிஃபரன்ஷியலின் மூக்கு அதே மூன்று டிகிரி மேலே பார்க்க வேண்டும். இரண்டும் இணையாக இருந்தால் ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் உண்டாகும் அதிர்வு ஒன்றையொன்று தின்றுவிடும். தவறினால் நெடுஞ்சாலையில் பல் கிட்டித்துக்கொள்ளும். காந்தம் வைத்த சின்னக் கோணமானியை ஒட்டி அளக்கிறார்கள். ஆனால் வண்டி ஓடும்போது இருக்கும் உயரத்தில், அதே எடையோடு அளந்தால்தான் கணக்கு சரி. இவர் வண்டியிலோ பெட்டி இல்லை, பலகை இல்லை, டேங்கில் பெட்ரோல் இல்லை. நான் பால் வாங்கிக்கொண்டு அந்த வழியாக வந்தது என் விதி. உன் எடை எத்தனை பவுண்டு என்று கேட்டார். நூற்று அறுபது என்றேன். ஆக்சிலுக்கு மேலே சேஸிக் கட்டையில் மணல் மூட்டைகளை அடுக்கியிருந்தார். அவற்றின் மேல் என்னை உட்காரச் சொன்னார். இரண்டே நிமிஷம் என்றார். கீழே ஒரு போல்ட்டைக் கால் சுற்று திருப்புவார், கோணமானியைப் பார்ப்பார், முனகுவார், மறுபடி திருப்புவார். நான் அசைந்தால் அரை டிகிரி மாறுகிறதாம். மூச்சை மெதுவாக விடச் சொன்னார்.

“ஏங்க, பால் வாங்கப் போனவர் இவ்வளவு நேரமா எங்க போனீங்க?” என்றாள் மனைவி.

“நாலாவது வீட்டு வண்டிக்குப் பெட்டியா இருந்தேன்” என்றேன். நம்பவில்லை.

கடைசியில் மூன்று டிகிரி கிடைத்தது. கைகுலுக்கினார். கையோடு கையாகப் பின் பிரேக்கையும் டிஸ்க்காக மாற்றிவிடலாமே என்று சொல்லிக்கொண்டே ஆக்சிலை இறக்கினார். மூன்று டிகிரியும் அதோடு இறங்கியது. 1970 சி-10இல் சக்கரத்துக்கு ஆறு போல்ட். 1971இல் ஐந்தாக்கி, முன்பக்கம் டிஸ்க் பிரேக்கும் கொடுத்துவிட்டார்கள். இவர் வாங்கியதோ ஒரே ஒரு வருடம் முந்திய வண்டி. வாங்கிவந்த மாற்று ஆக்சிலில் ஐந்து போல்ட். இப்போது பின்னால் ஐந்து, முன்னால் ஆறு. எனவே முன்பக்கமும் கழன்றது.

மற்ற குணங்களைப் பற்றி எழுதவில்லை. அவருடைய ரேடியோ, அவர் அடுக்கிவைத்திருக்கும் காபி டப்பாக்கள், எந்த டப்பாவில் எந்த நட்டு என்று அவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம் எல்லாம் இருக்கட்டும்.

நல்ல மனிதர்தான். ஜனவரிக் குளிரில் ஒரு நாள் விடியற்காலை என் கார் உயிர்விட்டபோது, கேட்காமலேயே பேட்டரியைத் தூக்கிக்கொண்டு வந்தார். தலையில் விளக்கு, கையில் உறையில்லை. பத்து நிமிடத்தில் கார் கிளம்பியது. பணம் கொடுக்கப் போனேன், முறைத்தார். அதோடு போயிருந்தால் அவருக்குக் கோயிலே கட்டியிருப்பேன். குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தார். கீழ் ஆர்மின் புஷ் கிழிந்திருக்கிறது, எப்படியும் வந்தாயிற்று, கையோடு கையாக... நான் ஆபீஸுக்கு பஸ்ஸில் போனேன். டெக்சாஸில் பஸ்ஸில் போவது என்றால் என்ன என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். புஷ்ஷை மட்டும் அற்புதமாகப் போட்டிருந்தார். இன்றுவரை ஒரு சத்தம் இல்லை.

இந்த ஆளோடு வாழ்கிற அம்மாளை நினைத்தால்தான் சிரிப்பு நின்றுவிடுகிறது. ஓடாத வண்டியை வீட்டுக்கு முன்னால் நிறுத்தக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் கடிதம் போட்டதிலிருந்து பிக்அப் கராஜுக்குள், அம்மாளுடைய டொயோட்டா வெளியே. டெக்சாஸில் வசந்தகாலம் என்றால் ஆலங்கட்டி மழை. போன சீசனில் அந்த டொயோட்டாவின் பானெட் முழுக்க அம்மைத் தழும்பு. அம்மாள் குளியலறைக் குழாய் ஒழுகுவதை மூன்றாம் வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அதை மட்டும் கையோடு கையாகப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. வண்டியின் மேல் காட்டும் பொறுமையில் பத்தில் ஒரு பங்கு வீட்டுக்குள் வந்தால் போதும் என்று அம்மாள் என் மனைவியிடம் சொன்னபோது, என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பிக்அப்பே வைத்திருக்கவில்லை. என்னை ஏன் பார்க்க வேண்டும்?

இன்னொன்று. நாங்கள் சோபா வாங்கினோம். நாலு வீடு தள்ளி ஒரு பிக்அப் இருக்கிறது. கடைக்காரனுக்கு டெலிவரிக் கூலி கொடுத்து வரவழைத்தோம்.

நிலவரம் கேட்பவர்களுக்கு: போன வாரம் நிலைமை மோசமானது. மொத்தமும் கழன்று வெறும் சேஸி மட்டும் ஸ்டாண்டுகளில் நிற்கிறது. அதன் பக்கத்தில் டேப்பை வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் நின்றார். அவர் நின்றுகொண்டு யோசித்தால் செலவு அதிகம். இது நீளப் பெட்டி மாடல். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 127 அங்குலம். குட்டைப் பெட்டி மாடலில் 115. குட்டைதான் பார்க்க லட்சணம், விலையும் அதிகம். சேஸிதான் வெறுமையாக இருக்கிறதே, நடுவில் 12 அங்குலத்தை வெட்டி எடுத்துவிட்டு வெல்டிங் வைத்துவிட்டால்? ஃபோர்-லிங்க்குக்கு அடித்த பிராக்கெட்டுகள் இடம் மாறும். அளந்து வாங்கிய புரொப்பல்லர் ஷாஃப்ட் சேராது. அறுத்துப் பொருத்திய பெட்டிப் பலகைகள் ஒன்றரை அடி மிஞ்சும். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆங்கிள் கிரைண்டர் சத்தம் கேட்டது. பேசாமல் எழுந்து காபி போட்டேன்.

அவருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே டாலஸ் பக்கம் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர்; நம் ஜப்பான் கார் டூல்பாக்ஸில் இருக்கும் 19 சாக்கெட் அவருடைய அமெரிக்க போல்ட்டுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். அது அவருக்கும் தெரியும். என்னுடையது போன கோடையிலிருந்து அவரிடம்தான் இருக்கிறது. போகிறவர்கள் யாராவது வாங்கிவந்து கொடுத்தால் புண்ணியமாகப் போகும். வாசலிலேயே நின்று கேளுங்கள். உள்ளே போனால் எடை எவ்வளவு என்று கேட்பார்.