அறுக்காத ரம்பம்

எங்கள் தெருவில் இரண்டு ரம்பங்கள் உண்டு. ஒன்று, மொட்டை மாடிக் கொட்டகையில் நிற்கும் பத்து அங்குல டேபிள் சா. அது அறுக்காது. இன்னொன்று அதன் சொந்தக்காரர். அந்தக் குறையை அவர் தீர்த்து வைப்பார்.

சார் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். கணக்கில் ஐந்து பைசா இடித்தாலும் கிளையைப் பூட்டவிடாமல் ராத்திரி பத்து மணிவரை ஊழியர்களை உட்கார வைத்தவர் என்று கேள்வி. கிராஜுவிட்டி பணத்தில் பெண்ணின் கல்யாணம் போக மிஞ்சியதில்தான் இந்த ரம்பம் வந்தது. வந்த அன்று அவர் மனைவி கேட்டது ஒரே ஒரு மணை. மூன்று வருஷம் ஆயிற்று. அந்த அம்மாள் அப்போதும் வெறுந்தரையில் உட்கார்ந்துதான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம் மேலே வந்துட்டுப் போங்க" என்பார் சார். பால் வாங்கப் போனவன் மேலே போனால், அந்தப் பாலில் மோர்க்குழம்பு வைக்கலாம்.

முதல் புகார், அறுத்த இடத்தில் மரம் கருகுகிறது. மேசையில் நீளவாக்கில் ஓடும் பள்ளத்துக்கு பிளேடு இணையாக நிற்க வேண்டும். கோணினால் பின்பக்கப் பற்கள் மரத்தில் உரசிக் கருக்கிவிடும். சார் முதலில் பிளக்கைப் பிடுங்கி, எல்லோர் கண்ணிலும் படும்படி மேசைமேல் வைப்பார். அந்த விஷயத்தில் குறை சொல்ல முடியாது. பிறகு ஒரு பல்லில் ஸ்கெட்ச் பேனாவால் பொட்டு வைத்து, முன்னால் ஒரு தடவை அளப்பார். அதே பல்லைப் பின்னால் சுற்றிக் கொண்டுபோய் இன்னொரு தடவை அளப்பார். "ஒரே பல்லை வெச்சு அளந்தா, பிளேடே கோணலா இருந்தாலும் கணக்குல வராது பாருங்க" என்று கண்ணடிப்பார்.

வித்தியாசம் 0.3 மில்லிமீட்டர். டேலி ஆகவில்லை! அடியில் நான்கு போல்ட்டைத் தளர்த்தி, கொட்டாப்புளியால் ஒரு தட்டு. இப்போது அந்தப் பக்கம் 0.3. இப்படித் தட்டித் தட்டி, சித்திரையில் ஆரம்பித்தது ஆடியில் டேலி ஆனது. ஆனால் மரம் கருகுவது மட்டும் நிற்கவில்லை.

இரண்டாவது புகார், நடுக்கம். பெல்ட் ஓடாமல் புல்லியிலேயே கிடந்தால் வளைந்த இடத்தில் கூன் விழுந்து, ஓடும்போது தடக் தடக் என்று உதைக்கும். ஓட்டினால் சரியாகும். சாரோ, சரியாகும் வரை ஓட்டுவதில்லை என்று இருந்தார்.

மூன்றாவது, பிளேடை ஏற்றி இறக்கும் சக்கரம் இறுகிவிட்டது. கை நிறைய கிரீஸை அள்ளி அப்பினார். அது மரத்தூளைப் பிடித்துக் கேழ்வரகுக் களியானது. வீட்டிலுள்ள பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷெல்லாம் மாடி ஏறின. கடைசியில் வெறும் மெழுகுவத்தியைத் தேய்த்ததும் சக்கரம் வழிக்கு வந்தது. மெழுகில் தூள் அவ்வளவாக ஒட்டாது.

நடுநடுவே கிரிக்கெட்டும் உண்டு. "நிமிஷத்துக்கு 2,880 சுற்று. பல் நுனியோட வேகம் என்ன தெரியுமா? மணிக்கு 138 கிலோமீட்டர், வேகப்பந்து மாதிரி! மரம் பின்பல்லுல மாட்டினா அந்த வேகத்துல நம்மளைப் பார்த்துத் திரும்பும். அதனால நேர் பின்னால நிக்கக் கூடாது, தள்ளி நிக்கணும்." ஒருநாள் அவர் தள்ளி நின்றார், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிற்கவில்லை.

சென்ற வாரம் கதவு சரிசெய்ய ஆசாரி வந்திருந்தார். அந்த அம்மாள் டீயைக் கொடுத்து அவரை மாடிக்கு அனுப்பி வைத்தார். ஆசாரி டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டு பிளேடை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"சார், வாஷரைத் தொடச்சீங்களா?"

"நாலு பிளேடு மாத்திட்டேன்ப்பா."

"பிளேடு சரி. வாஷர்?"

கழற்றினால், உள்பக்க வாஷரில் பிசினோடு காய்ந்த ஒரு பொட்டு மரத்தூள். அங்கே மயிரிழை தள்ளினால் பல் நுனியில் அது ஐந்து மடங்காகுமாம். ஒரே பல்லை வைத்து அளந்த சாரின் கணக்கில் அகப்படாமல் மூன்று வருஷம் குடியிருந்த தூள். ஆசாரி அதைத் துண்டின் நுனியால் துடைத்தார். மாட்டி, ரம்பத்தை ஓடவிட்டு, மேசையில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை விளிம்பில் நிறுத்தினார். விழவில்லை. ஓரத்தில் கிடந்த வேப்பம்பலகையை அறுத்தார். கருகவில்லை. அரை மணியில் மணை ரெடி. அந்த அம்மாள் அதில் உட்கார்ந்து பார்த்து, ஆசாரிக்கு இன்னொரு டீ கொடுத்தார்.

சார் மட்டும் பேசவேயில்லை. தெருவே அன்று சீக்கிரம் வீடு போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலை பார்க்கிறேன், பிளக் மேசைமேல் கிடக்கிறது. ரம்பத்தின் வயிறு திறந்திருக்கிறது. சார் ஸ்பேனரோடு குனிந்திருக்கிறார்.

"என்ன சார், நேத்து நல்லாத்தானே ஓடிச்சு?"

"அதான் சந்தேகமா இருக்கு. முதல் தடவையிலேயே டேலி ஆச்சுன்னா, ரெண்டு பக்கமும் தப்பு இருக்குன்னு அர்த்தம். ஒரு நிமிஷம் மேலே வாங்க, காட்டறேன்."