சான்றிதழில் ஓடும் கார்

இந்தியாவில் ஒரு காரின் மைலேஜ், அதாவது ஒரு லிட்டர் எரிபொருளில் அது கடக்கும் தொலைவு, புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற வாகனச் சோதனை நிலையங்களில், சாசி டைனமோமீட்டர் எனப்படும் சுழல் உருளைகளின் மேல் வண்டியை ஏற்றி, முன்கூட்டியே வகுத்த வேக அட்டவணைப்படி ஓட்டி அளக்கப்பட்டு வந்துள்ளது. நெடுங்காலம் நடைமுறையிலிருந்த அட்டவணையில் மொத்த ஓட்டமே 1180 விநாடிகள்தான்; உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர்; ஏசி ஓடாது, மாடு குறுக்கே வராது.

அப்படி அளந்து சான்றிதழில் எழுதிய மைலேஜ் தமக்குக் கிடைக்கவில்லையென்று சர்வீஸ் சென்டரில் வழக்காடும் உரிமையாளரோ, எதிரே சிவப்பு விளக்கு எரிவதைக் கண்ட பின்னும் ஆக்சிலரேட்டரை மிதித்து, முன்னே செல்லும் ஆட்டோவை முந்தி, உடனே பிரேக்கை அழுத்தி, பெட்ரோல் கொடுத்த இயக்க ஆற்றல் முழுவதையும் பிரேக் பேடின் சூடாக மாற்றிவிட்டு, சிக்னல் கடிகாரம் ஐந்தைக் காட்டும்போதே எஞ்சினை உறுமவிடுகிறார். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்திற்கேற்பப் பெருகுவதால், 80-இலிருந்து 100-க்குத் தாவும் வண்டி ஒன்றரை மடங்குக்கும் மேலான தடையைத் தள்ளவேண்டும் என்கிறது இயற்பியல். பங்க்கை மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார் அவர்.

சிக்கனம் அவரிடம் அறவே இல்லையென்று சொல்வதும் நியாயமன்று. ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது தவறாமல் நியூட்ரலுக்கு மாறுகிறார்; கியரில் இறங்கினால் இன்றைய இன்ஜெக்டர் எஞ்சின் எரிபொருளை அடியோடு நிறுத்திக்கொள்ளும் என்பதும், நியூட்ரலில்தான் அணைந்துவிடாமலிருக்கச் சிறிது குடித்துக்கொண்டே வரும் என்பதும் அவருடைய சேமிப்புக் கணக்கில் ஏறுவதில்லை; பிரேக் பேட் மாற்றிய பில்லும் ஏறுவதில்லை.