‘இம்ப்ரூவ்’ என்னும் வினைச்சொல்: ஓர் ஆராய்ச்சி

ஆங்கில வினைச்சொற்களுள் ‘இம்ப்ரூவ்’ என்பதைப்போல் எல்லாராலும் உச்சரிக்கப்பட்டுச் சிலராலேயே அனுஷ்டிக்கப்படும் சொல் பிறிதொன்று இல்லையாதலின், அதன் இலக்கணத்தை முறைப்படி வகுத்துரைப்பது வித்வான்களின் கடமை என்று துணிந்து இக்கட்டுரை எழுதப்படுகிறது.

முதற்கண் உற்பத்தி. நார்மானியரோடு இங்கிலாந்தில் புகுந்த பிரெஞ்சில் லாபத்தைக் குறித்த ஒரு சொல்லே இதற்கு மூலம். ஆதியில் இது பெரும்பாலும் மனிதனுடைய குணத்தைப் பற்றாமல் நிலத்தைப் பற்றியே நின்றது. பொதுமேய்ச்சல் தரையை வேலியிட்டு வளைத்து வரும்படியைப் பெருக்கிய பிரபு அத்தரையை ‘இம்ப்ரூவ்’ செய்தவராகக் கருதப்பட்டார். அங்கே மேய்ந்துவந்த மாடுகளின் அபிப்பிராயத்தை எவரும் கேட்டிலர்.

அடுத்து, பிரயோகம். தன்மையில் இவ்வினை எதிர்காலத்தில் மட்டுமே வரும். முன்னிலையில் ஏவலாகவே வரும். படர்க்கையில் எதிர்மறையாகவன்றி வருதல் அரிது.

இவ்விதியை மீறி, தன்மை நிகழ்காலத்தில் இதனை வழங்கத் துணிந்தவர் பிலடெல்பியா நகரத்து அச்சுக்கூட அதிபர் பெஞ்சமின் பிராங்க்ளின் (1706–1790). மிதவுணவு, மௌனம், ஒழுங்கு முதலிய நற்குணங்களைப் பட்டியலிட்டு, வாரத்தின் ஏழு நாட்களுக்கும் கட்டம் வரைந்து, தவறுந்தோறும் ஒரு கரும்புள்ளி குத்தி, வாரத்துக்கு ஒரு குணமாக 13 வாரங்களில் ஒரு சுற்றும், ஆண்டுக்கு நான்கு சுற்றும் முடிப்பதென்று அவர் வகுத்த திட்டம், வணிகரின் பேரேடு ஆத்மாவுக்குள் புகுந்ததற்கு உத்தமமான உதாரணம். முதலில் 12 ஆக இருந்த பட்டியலில், அவரிடம் கர்வம் மிகுதி என்று நண்பரொருவர் சுட்டிய பிறகே பணிவு பதின்மூன்றாவதாகச் சேர்ந்தது. கர்வத்தை முற்றும் வென்றுவிட்டதாக நினைத்தால், அப்பணிவைப் பற்றியே கர்வம் கொள்ள நேரும் என்று அவரே எழுதினார். ஒழுங்கோ அவருக்கு இறுதிவரை வசப்படவேயில்லை.

புதிய குற்றங்களுக்கு இடம் செய்யும்பொருட்டுப் பழைய புள்ளிகளைச் சுரண்டியதில் தாள் துளைபட்டுப்போகவே, அவர் அட்டவணையைத் தந்த ஏடுகளுக்கு மாற்றி, சிவப்பு மையால் கோடிட்டு, பென்சிலால் குறித்து, ஈரப்பஞ்சால் துடைத்துக்கொண்டார். பூரணத்துவம் கைகூடாவிடினும் முயற்சியினால் தாம் மேலான மனிதரானதாக அவர் சுயசரிதையில் சாட்சி கூறுகிறார். எனினும், வாதியே தமக்காகச் சொல்லும் சாட்சியத்தை ஆராய்ச்சியாளர் அப்படியே அங்கீகரித்தல் ஆகாது. ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாவது ஒன்றே: காகிதமாக இருந்த குறிப்பேடு தந்தமாக உயர்ந்தது.