நடவுக்காரர்

ஒருவர் உங்களோடு பேசிக்கொண்டிருக்கும்போது அவர் பார்வை உங்கள் கண்ணில் நிற்காமல் இரண்டு அங்குலம் மேலே ஏறி, நெற்றி முடிந்து முடி தொடங்கும் எல்லையில் போய் உட்கார்ந்துகொண்டால், சந்தேகமே வேண்டாம், அவர் நடவுக்காரர். தலையில் முடி நட்டுக்கொண்டவர், அல்லது அட்வான்ஸ் கட்டிவிட்டுத் தேதிக்குக் காத்திருப்பவர். பஸ்ஸில் அவருக்கு ஜன்னலோர சீட் வேண்டாம், கடைசி வரிசைதான் வேண்டும். ஒரே டிக்கெட்டில் முப்பது பின்மண்டைகளைப் பார்த்துவிடலாம். தொலைக்காட்சி விவாதத்தில் யார் என்ன பேசினார் என்று கேட்டுப்பாருங்கள், தெரியாது. "இடது ஓரத்துல இருந்தாரே, அவர் நார்வுட் நாலு" என்பார். ஆண்களின் வழுக்கையை ஹாமில்டன் என்பவர் 1951-ல் வகை பிரித்ததும், 1975-ல் நார்வுட் அதைத் திருத்தி ஏழு படிகளாக்கியதும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பள்ளியில் எந்த அட்டவணையையும் அவர் இவ்வளவு சிரத்தையாகப் படித்ததில்லை.

திடீரென்று ஒருவர் நடவுக்காரர் ஆகிவிடுவதில்லை. முதலில் சின்ன வெங்காயச் சாறு. அதைத் தேய்த்துக்கொண்டு படுத்த மாதங்களில் மனைவி ஹாலில் படுத்தார். பிறகு கரிசலாங்கண்ணித் தைலம், செம்பருத்தி, மாமியார் ஊரிலிருந்து பாட்டிலில் கொடுத்தனுப்பிய பச்சை நிறத்தில் ஏதோ ஒன்று. பிறகு மினாக்ஸிடில். அது ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாக வந்த மருந்து. சாப்பிட்டவர்களுக்குக் கையிலும் கன்னத்திலுமாகக் கண்ட இடத்தில் முடி முளைத்ததைப் பார்த்த பிறகுதான் அதைத் தலைக்குத் திருப்பினார்கள். இத்தனை கட்டத்திலும் நண்பர்கள் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள்: "ரஜினியே விக் இல்லாம அப்படியே வெளிய வர்றாரு, உனக்கு என்னடா?" அவர் பதில் எப்போதும் ஒன்றுதான். "அவரு ரஜினிடா."

ஆபரேஷன் நாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மரத்துப்போக ஊசி, கொஞ்ச நேரம் குப்புறப் படுக்கை, கொஞ்ச நேரம் மல்லாந்து, நடுவில் சாப்பாடு, ஒரு முழுப் பகல். பின்மண்டையிலிருந்து வேர்களை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்து முன்னால் நடுகிறார்கள். இடம் மாறினாலும் அந்த முடியின் குணம் மாறாது, பின்னால் உதிராமல் இருந்தது முன்னால் வந்தும் உதிராது என்று நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஓரென்ட்ரைக் 1959-ல் எழுதி வைத்தார். இந்தத் தொழில் முழுக்க அதை நம்பித்தான் நடக்கிறது. நம்மவர் கல்லூரிக் கால போட்டோவைக் கொண்டுபோய், "இந்த ஹேர்லைன் வேணும் டாக்டர்" என்று கேட்டிருப்பார். பதினெட்டு வயதுக் கோடு நாற்பது வயது முகத்தில் நிற்காது என்று டாக்டர் ஒரு விரற்கடை மேலே வரைந்திருப்பார். அந்த ஒரு விரற்கடை ஏமாற்றம் கடைசி வரை அவரை விடாது.

கணக்கிலும் ஒரு சாமர்த்தியம் உண்டு. நடுகிற வேர்க்கொத்துக்குப் பெயர் கிராஃப்ட். ஒரு கிராஃப்டில் ஒன்றிலிருந்து நான்கு முடி வரை இருக்கும். நண்பர்களிடம், "அஞ்சாயிரம் முடி வெச்சிருக்கேன்" என்பார். பில் தொகையைப் பார்த்து அரண்டுபோன மனைவியிடம், "ரெண்டாயிரத்து ஐநூறு கிராஃப்ட்தான்மா" என்பார். இரண்டும் உண்மை.

அவர் ஆசைகளும் இரண்டு. நட்டது யாருக்கும் தெரியக் கூடாது. முளைத்ததை எல்லோரும் கவனிக்க வேண்டும். அடுத்த ஒரு வருஷத்தை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓட்டுகிறார்.

மழித்துவிட்டுத்தான் நடுகிறார்கள் என்பதால் அலுவலகத்துக்கு ஒரு காரணம் வேண்டும். நம் ஊரில் மொட்டைத் தலையைப் பார்த்து ஏன் என்று யாரும் கேட்பதில்லை, எந்த ஊர் என்றுதான் கேட்பார்கள். பழனி என்று சொன்னால் சந்தனம் பூச வேண்டும், புண்ணில் பூச முடியாது. ஆகவே திருப்பதி. சொல்லி வாய் மூடுவதற்குள் அடுத்த கேள்வி வந்து நிற்கும்: "லட்டு எங்க சார்?" தி.நகர் வெங்கடநாராயணா சாலையில் தேவஸ்தானக் கோயில் இருப்பதும் அங்கே லட்டு கிடைப்பதும் சென்னையில் எத்தனையோ மானங்களைக் காப்பாற்றியிருக்கின்றன. தொப்பியைக் கழற்றாமலே மேஜை மேஜையாகப் பிரசாதம் கொடுப்பார். "கோவிந்தா" என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் மேனேஜரிடம் கூச்சமே இல்லாமல், "தரிசனம் அமோகம் சார்" என்பார்.

வீட்டில் அந்த முதல் பத்து நாள் கதை வேறு. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துதான் தூங்க வேண்டும், புரளக் கூடாது. உப்புநீர் ஸ்பிரேயை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். குனியக் கூடாது, ஹெல்மெட் போடக் கூடாது, ஆகையால் வண்டியும் எடுக்க முடியாது. மூன்றாம் நாள் நெற்றி வீக்கம் கண்ணுக்கு இறங்கும். கதவைத் திறந்தவரைப் பார்த்து கூரியர் பையன் கையெழுத்துக்கூடக் கேட்காமல் பார்சலை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடுவான். எல்லாம் வடிந்து, பத்தாம் நாள் பொருக்கும் கழன்று விழுந்ததும் தெரியுமே, புது எல்லையில் கருகருவென்று குட்டி முடி வரிசை! அந்த ஒரு வாரம்தான் அவர் வாழ்க்கையின் பொற்காலம். பாத்ரூமில் ஒரே பல்புக்குக் கீழே, ஒரே கோணத்தில், காலையும் மாலையும் போட்டோ. போனில் அந்தப் படங்கள் இருக்கும் ஃபோல்டருக்கு 'கரண்ட் பில்' என்று பெயர். மனைவி திறந்து பார்க்க வாய்ப்பே இல்லாத பெயர் அதுதான் என்பது அவர் அனுபவம்.

மூன்றாம் வாரம் நட்டது கொட்டும்.

இது நடக்கும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருப்பார், அச்சடித்த தாளிலும் இருக்கும். ஆனால் ஹேர்லைன் வரைந்துகொண்டிருக்கும்போது சொன்னது யார் காதில் விழுந்தது? துண்டில் நாலு, தலையணையில் ஏழு என்று பொறுக்கி மாத்திரைக் கவரில் போட்டு வைப்பார். கிளினிக்குக்கு போன் போட்டால் கவுன்சிலர் பெண் எடுப்பார். "நார்மல் சார்." "நுனியில வெள்ளையா வேர் மாதிரி இருக்கே மேடம்?" "அது வேர் இல்ல சார், வேர் உள்ளதான் இருக்கு. நார்மல் சார்." அந்தப் பெண் சொல்வது சரிதான். பிடுங்கி நட்ட அதிர்ச்சியில் வேர் ஓய்வுக்குப் போகிறது, போகும்போது பழைய முடியை உதறிவிடுகிறது, இரண்டு மூன்று மாதம் கழித்து விழிக்கிறது. சில பேருக்குச் சுற்றியிருக்கும் சொந்த முடியும் சேர்ந்து உதிரும். ஆகவே காசு கொடுத்ததற்கு மூன்றாம் மாதம் அவர் கைக்கு வருவது முன்பிருந்ததைவிடப் பெரிய வழுக்கை.

திருப்பதிக் கதை விழுவதும் அப்போதுதான். மொட்டை போட்டவருக்கு முடி சுற்றிலும் ஒரே சீராக வளர வேண்டும். இவருக்குப் பின்னாலும் பக்கவாட்டிலும் செழித்து, முன்னால் வெறும் தரை. அக்கவுன்ட்ஸ் பிரிவில் ஒரு வம்புக்காரர் எங்கும் உண்டு. "ஏழுமலையான் பின்பக்கத்த மட்டும் ரீஃபண்ட் பண்ணிட்டாரு போல சார்" என்று சாப்பாட்டு மேஜையில் அவர்தான் சொல்வார். சாம்பார் சாதத்தைப் பாதியில் மூடி வைப்பார் நடவுக்காரர்.

பதினாறு வயதில் ஒரு பரு வந்ததற்குப் பள்ளிக்கூடம் போகாமல் அழுதவர், நான்காம் மாதம் தலையில் பரு வந்தால் துள்ளுவார். புது முடி தோலை முட்டிக்கொண்டு வரும்போது அப்படித்தான் சிறு கொப்புளம் கிளம்பும் என்று படித்திருக்கிறார். கொஞ்ச நாளில் முதல் முடியும் வரும். மெலிந்து, நிறம் வெளுத்து, கொஞ்சம் கோணலாக. அதைக் காட்ட மனைவியை ஜன்னலோரம் கூப்பிடுவார். அவர் தோசைக்கல்லை விட்டு நகராமலே, "ஆமாமா, தெரியுது தெரியுது" என்பார். வளர்ச்சியை அளக்கப் பையனின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேல் காணாமல்போகும். முடி வளர்வது மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ., தினசரி அளந்தால் ஸ்கேலில் ஒன்றும் தெரியாது. வரப்பில் குத்தவைத்து நெல் வளர்வதைக் கண்கொட்டாமல் பார்க்கிற விவசாயியை நான் பார்த்ததில்லை, நடவுக்காரரைப் பார்த்திருக்கிறேன்.

அவரை முதலில் கண்டுபிடிப்பவர் முடிதிருத்துபவர்தான். ஆறாம் மாதம், சுமாராகப் பாதி முடி வந்திருக்கும், வந்ததும் கம்பி மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கும், அதைப் படிய வைக்கலாமென்று சலூனில் உட்காருவார். பின்மண்டையில் மெஷினை வைத்த அண்ணன் ஒரு விநாடி நிறுத்துவார். எடுத்த இடங்களில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். காத்திருக்கும் ஆறு பேர் முன்னால் கணீரென்று குரல் வரும்: "எங்க சார் பண்ணீங்க? கிராஃப்ட் எவ்ளோ போட்டான்?" எதிர்க் கண்ணாடியில் பன்னிரண்டு கண்கள் பத்திரிகையிலிருந்து நிமிரும். வெட்டி முடித்ததும் அண்ணன், "நல்லாப் பண்ணியிருக்கான்" என்பார். அந்த வருஷத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே நிபுணர் சான்றிதழ் அதுதான்.

மாத்திரை விஷயத்தை மட்டும் அவர் யாரிடமும் பேசுவதில்லை. நட்ட முடி நிற்கும், நடாத சொந்த முடி தன் பழைய விதிப்படி உதிர்ந்துகொண்டேதான் இருக்கும். அதைத் தடுக்கத்தான் ஃபினாஸ்டரைடு. புராஸ்டேட் வீக்கத்துக்கு வந்த மருந்து என்று பெட்டிக்குள் இருந்த தாளில் படித்ததிலிருந்து அலமாரியில் அது பருப்பு டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. நிறுத்தினால் முன்னால் புதுக் கொத்து கம்பீரமாக நிற்க, அதற்குப் பின்னால் நிலம் காலியாகிக்கொண்டே போகும். சிகிச்சை முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு இது புரியவே எட்டு மாதம் ஆகிறது.

பன்னிரண்டாம் மாதம் ஒரு கல்யாணம் வரும். முடி இப்போது தடித்து, மிருதுவாகி, வகிடு எடுக்கும் அளவுக்கு வந்துவிட்டது. பழைய அடர்த்தியில் பாதி இருந்தாலே கண்ணுக்கு நிறைவாகத் தெரியும் என்பதால் பார்க்க முழுத்தலைதான். உச்சியில் மட்டும் இன்னும் கொஞ்சம் பாக்கி. அந்த இடம் மெதுவானது, ஒன்றரை வருஷம்கூட எடுக்கும். மண்டபத்து வாசலில் பெரியப்பா அவரை மேலும் கீழும் பார்ப்பார். நம்மவர் தலையை லேசாகச் சாய்த்து, விளக்கு வெளிச்சம் சரியாக விழும்படி நிற்பார்.

"என்னடா, ஒரு மாதிரியா இருக்க?"

"எப்படி இருக்கேன் பெரியப்பா?"

"இளைச்சுட்ட. சுகர் பாத்தியா?"

யாருக்கும் தெரியவில்லை. டாக்டர் தொழிலில் கெட்டிக்காரர், வேறென்ன! முதல் பந்தி வரை பொறுத்துப் பார்ப்பார். பாயசம் வரும்போது பொறுமை போய்விடும், 'கரண்ட் பில்' திறந்துவிடும். கை கழுவும் இடத்தில் அவரைச் சுற்றி நாலைந்து ஏறுநெற்றிகள் கூடும். "கொட்டுமாமே?" என்று ஒரு தம்பி பயப்படுவான். "நார்மல்" என்பார் நடவுக்காரர், அந்தக் கவுன்சிலர் பெண்ணின் அதே குரலில். எவ்வளவு ஆனது என்ற கேள்விக்கு, மனைவி பக்கத்தில் நிற்கிறாரா என்று பார்த்துவிட்டு ஒரு தொகை சொல்வார்.

எனக்குத் தெரிந்த ஒரு நடவுக்காரருக்கு இதற்கு மேலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கல்யாணம் முடிந்து வந்த இரவு அவர் அம்மா, "முடி நல்லபடியா வந்துடுச்சு, எப்பப் போறோம்?" என்று கேட்டார்.

"எங்கம்மா?"

"திருப்பதிக்கு. உனக்கு முடி வளர்ந்தா மொட்டை போடறதா வேண்டிக்கிட்டேன்."

"வளர்ந்ததுக்கே மொட்டையாம்மா!"

"பின்ன? போகாமலே போனேன்னு சாமி பேர்ல பொய் சொல்லி ஊருக்கெல்லாம் லட்டு வேற கொடுத்திருக்க. அந்தக் கடன் என்னாகறது?"

பூமுடி கொடுத்தால் போதாதா என்று பேரம் பேசிப் பார்த்தார். அது பொம்பளைங்களுக்குடா என்று அம்மா முடித்துவிட்டார். மொட்டை போட்டால் நட்டதெல்லாம் போய்விடும், டாக்டரைக் கேட்காமல் முடியாது என்று கடைசி ஆயுதத்தை எடுத்தார். மறுநாளே கேட்டும்விட்டார். "தாராளமாப் போடலாம், வேர் உள்ளதான் இருக்கு, திரும்ப வளரும், நார்மல்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவிடம், டாக்டர் வெளிநாடு போயிருக்கிறார், எப்போது வருவார் என்று தெரியவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறார்.