தாய்மாமன் சீர்

தங்கச்சி மகனுக்கு இருபத்தைந்து வயதில் நெற்றி மேலே ஏற ஆரம்பித்ததும், குற்றவாளியைத் தேடி யாரும் அலையவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் நான் இருந்தேன். "தாய்மாமன் தலையப் பாரு, பிள்ள தலையப் பாரு. வேற சாட்சி வேணுமா?" என்று தங்கையின் மாமியார் தீர்ப்பே சொல்லிவிட்டார். காதுகுத்துக்கு மடியில் வைத்துக்கொண்டவன், மொட்டைக்குப் பழனி வரை தூக்கிச் சுமந்தவன், கல்லூரியில் இடம் வாங்க வெயிலில் நின்றவன், அதெல்லாம் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. நான் செய்த சீர்வரிசையில் அவர்கள் மனதார ஒத்துக்கொண்ட ஒரே பொருள் வழுக்கை.

இதில் பாதி நிஜம் என்பதுதான் சங்கடம். ஆண் வழுக்கையோடு தொடர்புள்ள மரபணுக்களில் முக்கியமான ஒன்று எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பையனுக்கு அது தாய் வழியாக மட்டுமே வரும். என் தங்கையிடம் இருக்கும் இரண்டு எக்ஸில் ஒன்று எங்கள் அப்பா கொடுத்தது, இன்னொன்று அம்மா கொடுத்தது. அப்பாவின் எக்ஸ் மகனுக்கு வராது என்பதால் அதில் எனக்குப் பங்கே கிடையாது. மருமகனுக்கு அது போயிருந்தால் நான் நிரபராதி, செத்துப்போன தாத்தாதான் குற்றவாளி. போதாததற்கு, மற்ற குரோமோசோம்களிலும் இதற்கான மரபணுக்கள் ஏகத்துக்கும் உண்டு. அவை அப்பா வழியிலும் வரும். மருமகனின் அப்பாவுக்கும் உச்சி வெளுத்து வருஷக்கணக்காகிறது. ஆனால் அதை அந்த அம்மா முன்னால் எப்படிச் சொல்வது? அவர் பெற்ற பிள்ளையாயிற்றே.

எனக்குக் கொட்டத் தொடங்கியது 1980-களின் கடைசியில், கோவில்பட்டியில். அன்று முடி கொட்டுகிறது என்று ஒருவன் டாக்டரிடம் போனால் வீட்டில் வேறு டாக்டரைத் தேடியிருப்பார்கள். காய்ச்சலுக்கே கஷாயத்துக்குப் பிறகுதான் ஊசி. எங்களுக்கு முடி நிபுணர் சலூன்காரர்தான். வெட்டி முடித்து, பிடரியில் படிகாரம் தேய்த்து, கைக்கண்ணாடியைத் தலைக்குப் பின்னால் பிடித்துக் காட்டுவார். ஒருநாள் அந்தக் கண்ணாடியை வழக்கத்தைவிடக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்தார். "தம்பி, உச்சியில லேசாத் தெரியுதே."

சொன்னது என்னிடம்தான். ஆனால் பெஞ்சில் தினத்தந்தியைப் பங்கு பிரித்துப் படித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் பேப்பரைக் கீழே இறக்கினார்கள். "போர்த் தண்ணிதான். உப்பு, வேரையே அரிச்சிரும்." "அதெல்லாமில்ல, உடம்புச் சூடு. சனிக்கிழம எண்ணெ தேய்க்கச் சொல்லு." "ராத்திரி கண்ணு முழிச்சுப் படிக்கான்லா?" "பித்தம்யா." மூலையில் இருந்த ஓர் அண்ணாச்சி மட்டும் வாழ்த்தினார்: "வழுக்க விழுந்தா காசு சேரும், விடு." அந்தக் காசுக்கு எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வழி பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கட்டணம் கிடையாது, முன்பதிவு கிடையாது, ரகசியம் என்ற பேச்சே கிடையாது. சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. மறுநாள் பக்கத்து வீட்டு ஆச்சி செம்பருத்தி இலை கொடுத்துவிட்டாள்.

தண்ணீர் விஷயத்தில் அன்றே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. வாளித் தண்ணீர் தலை முழுக்கத்தான் வழிகிறது. உச்சியிலும் நெற்றியிலும் வேரை அரிக்கிற உப்பு, பிடரிக்கு வந்ததும் மட்டும் நல்ல தண்ணீராகிவிடுமா? எந்த வழுக்கையரைப் பார்த்தாலும் காதுக்கு மேலேயும் பின்னாலேயும் ஒரு வேலி பசுமையாக நிற்கிறதே. இதைக் கேட்டதற்கு அப்பா, "வியாக்கியானம் பேசாம எண்ணெயத் தேய்" என்றார். அவருக்கும் அந்த வேலிதான் மிச்சமிருந்தது.

எண்ணெய்க்கு எங்கள் வீட்டில் அப்படி ஒரு செல்வாக்கு வந்ததற்குக் காரணம் தங்கை. பள்ளிக்கூடக் காலத்தில் அவளுக்கு டைஃபாய்டு வந்தது. காய்ச்சல் போய் இரண்டு மூன்று மாதம் கழித்து, சீப்பை வைத்தால் கொத்தாக வந்தது. அம்மா அழுதுகொண்டே கரிசலாங்கண்ணிச் சாறு பிழிந்து, தேங்காய் எண்ணெயில் விட்டு, சடசடப்பு அடங்கும்வரை இரும்புச் சட்டியில் காய்ச்சினாள். வீடு முழுக்கப் பச்சை வாசனை. சில மாதத்தில் தங்கைக்குப் பழையபடி சடை வந்தது. அம்மாவின் எண்ணெய்க்கு ஊரெல்லாம் பேர்.

உண்மையில் கடுங்காய்ச்சல், பிரசவம், பெரிய அறுவை சிகிச்சை போன்ற அதிர்ச்சிகளில் வளர்ந்துகொண்டிருக்கும் முடிகள் ஏராளமாக ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வு சுமார் மூன்று மாதம். அது முடிந்ததும் மொத்தமாக உதிரும். அந்த நேரத்தில் வேரில் புது முடி ஏற்கெனவே கிளம்பியிருக்கும். எண்ணெய் தேய்த்தாலும் முளைக்கும், தேய்க்காவிட்டாலும் முளைக்கும். ஆனால் தேய்க்காமல் இருந்து பார்க்க எந்த அம்மாவுக்கு மனசு வரும்? கொரோனாவுக்குப் பிறகு இதே கதை ஊர் முழுக்க நடந்தது. இந்த முறை பேர் வாங்கியது பயோட்டின் மாத்திரை.

ஒன்பதாம் வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவனுக்குப் புழுவெட்டு. எட்டணா அகலத்தில் வழுவழுப்பான வட்டம். ராத்திரி ஏதோ புழு வந்து தின்றுவிட்டுப் போவதாகவே எல்லாரும் நம்பினோம். சின்ன வெங்காயத்தை நறுக்கி, தோல் எரிகிறவரை தேய்த்தான். வகுப்பே மணத்தது. முடி வந்துவிட்டது. புழுவும் இல்லை, கிருமியும் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஆள் தெரியாமல் சொந்த முடிவேரையே தாக்குவதுதான் இது. ஓரிரு சின்ன வட்டங்கள் என்றால் பலருக்கும் ஒரு வருடத்துக்குள் தானாகவே முளைத்துவிடும். விடாப்பிடியாக நின்றால் இன்று அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள். தலை முழுக்கப் பரவியவர்களுக்கு 2022-ல் அமெரிக்காவில் பாரிசிட்டினிப் என்ற மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. சின்ன வெங்காயமும் சும்மா இருக்கவில்லை. அம்மியிலிருந்து இறங்கி ஷாம்பு பாட்டிலுக்குள் போய், முந்நூறு நானூறு ரூபாய்க்கு வீட்டு வாசலுக்கே வருகிறது.

மருமகனுக்கு வருவோம். சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் அடுக்குமாடி, லாரித் தண்ணீர், மென்பொருள் வேலை. கோவில்பட்டி சலூன் பெஞ்சு முழுவதையும் அவன் கைப்பேசிக்குள் வைத்திருக்கிறான் என்பது அவன் கேட்ட கேள்விகளில் தெரிந்தது. "மாமா, போர் வாட்டரா இருக்குமோ?" குழாயில் வடிகட்டி மாட்டியிருந்தான். "ஹெல்மெட்டா இருக்குமோ?" "நைட் ஷிஃப்ட்டா இருக்குமோ?" பித்தத்துக்கு மட்டும் ஸ்ட்ரெஸ் என்று புதுப் பேர். உப்புத் தண்ணீரில் முடி சொரசொரப்பாகும், நுனி ஒடியும், சரிதான். வேர் செத்துப்போகாது. ஹெல்மெட் வழுக்கையைக் கொடுக்காது, மண்டையைத்தான் காப்பாற்றும். இதையெல்லாம் சொன்னேன். சொன்ன தலையைப் பார்த்ததும் நம்பிக்கை வரவில்லை போலும். "ரஜினி சாரே வெளிய வெறுந்தலையோடதானடா வர்றாரு" என்றும் சொல்லிப் பார்த்தேன்.

"அது தலைவர், மாமா."

சென்னையில் ஒரு முடி கிளினிக்குக்குத் துணைக்குக் கூப்பிட்டான். போனேன். அங்கே டாக்டருக்கு முன்னால் கவுன்சிலர். அவர் பேனா மாதிரி ஒரு கேமராவை அவன் உச்சியில் வைக்க, எதிர்ச் சுவரில் இருந்த பெரிய டிவியில் அவன் மண்டை விரிந்தது. மழை பொய்த்த வருஷத்து மானாவாரிக் காட்டில் ஒன்றும் இரண்டுமாக நிற்கும் சோளத்தட்டைபோல இருந்தது. எவன் தலையை அந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் பயம் வரும் என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. அவனோ அதற்குள் கோல்டு பேக்கேஜா, பிளாட்டினம் பேக்கேஜா என்று கேட்கும் நிலைக்கு வந்திருந்தான். ரத்தம் எடுத்துச் சுழற்றி அதன் தெளிவை மண்டையில் ஊசியாகப் போடுவது இத்தனை தடவை, லேசர் தொப்பி இத்தனை மாதம், கூடவே சத்து மாத்திரை, ஷாம்பு, சீரம். மாதத் தவணை வசதி உண்டு. கடைசியில் கவுன்சிலர் என் பக்கம் திரும்பி, என் பிடரியை நிலம் பார்ப்பதுபோலப் பார்த்து, "சாருக்கு டோனர் ஏரியா சூப்பரா இருக்கு" என்றார். முடி விஷயத்தில் ஒருவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் முறை. கொஞ்சம் சபலப்பட்டேன்.

பிடரி முடியின் மகிமை 1950-களில் நியூயார்க் டாக்டர் நார்மன் ஓரன்ட்ரைக் காட்டியது. பின்னாலிருந்து பிடுங்கி முன்னால் நட்டாலும் அந்த முடி தன் குணத்தை விடாது, உதிராமல் நிற்கும். இன்று வேருக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு நடுகிறார்கள். நல்ல கைகளில் நன்றாகவே வருகிறது. ஆனால் பின்னால் உள்ள இருப்பு அவ்வளவுதான், எடுத்தது திரும்ப முளைக்காது. இருபத்தைந்து வயதில் முன்னால் நட்டுவிட்டு, நாற்பதில் அதற்குப் பின்னால் உள்ளது போனால் நடுவில் தீவு நிற்கும். அந்தப் பேச்சு கோல்டிலும் இல்லை, பிளாட்டினத்திலும் இல்லை.

நம் நாட்டில் 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 'ஜே' என்றொரு அட்டவணை உண்டு. எந்தெந்த நோயைத் தீர்ப்பதாக மருந்து விற்கிறவர் மார்தட்டக் கூடாது என்ற பட்டியல். புற்றுநோய், நீரிழிவு இவற்றோடு சமபந்தியில் வழுக்கையும் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் எண்ணெய்ப் புட்டியில் 'வழுக்கை தீரும்' என்று இருக்காது. 'கூந்தலுக்கு ஊட்டம்' என்றிருக்கும். பாக்கியை முன்–பின் படம் பார்த்துக்கொள்ளும்.

தவணைப் பத்திரத்தில் கையெழுத்து விழும் முன் அவனை இழுத்துக்கொண்டு, சாதாரணமான ஒரு தோல் டாக்டரிடம் போனேன். அவரிடம் டிவி இல்லை. மருமகன் குளியலறை ஜாலியில் சேகரித்த முடியை ஜிப் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். அவர் அதைத் திறக்கவே இல்லை. "தலையில சுமார் ஒரு லட்சம் இருக்கு தம்பி. தினம் ஐம்பதுலேர்ந்து நூறு விழலாம்." ஒரு கொத்தை விரலிடுக்கில் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தார். காய்ச்சல் வந்ததா, திடீரென்று எடை குறைந்ததா, என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்டார். காத்திருந்தவர்களில் பாதிப்பேர் பெண்கள். அவர்களுக்கு இரும்புச்சத்தும் தைராய்டும் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். வகிடு அகலமாவதைப் பற்றி அவர்கள் யாரிடமும் பேசியிருக்க மாட்டார்கள். எந்தச் சலூன் பெஞ்சும் அவர்களுக்கு இருந்ததில்லை.

பிறகுதான் என் பழைய சந்தேகத்துக்குப் பதில் கிடைத்தது. ஆண் ஹார்மோனை உடம்பு டி.எச்.டி. என்ற இன்னொன்றாக மாற்றுகிறது. நெற்றியிலும் உச்சியிலும் உள்ள வேர்கள், பரம்பரையாக அதற்கு இடம் கொடுப்பவை, ஒவ்வொரு சுற்றிலும் சுருங்கி மெலிந்துகொண்டே போகும். பிடரி அதைச் சட்டை செய்யாது. 1942-லேயே ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர், பருவம் வருமுன் விரை நீக்கப்பட்டவர்களுக்கு இந்த வழுக்கை விழுவதில்லை என்று எழுதியிருக்கிறார். நல்லவேளை, அதை யாரும் பேக்கேஜில் சேர்க்கவில்லை.

டாக்டர் எழுதியது இரண்டே மருந்து. இரண்டுமே முடிக்காகப் பிறந்தவை அல்ல. மினாக்ஸிடில் ரத்தக்கொதிப்பு மாத்திரை. சாப்பிட்டவர்களுக்குக் கன்னத்திலும் கையிலும் முடி முளைக்கவே, தலையில் தடவும் தைலமாக்கி 1988-ல் அமெரிக்காவில் அனுமதி வாங்கினார்கள். ஃபினாஸ்டரைடு 1992-ல் புராஸ்டேட் வீக்கத்துக்காக வந்தது. 1997-ல் வழுக்கைக்கும் ஆயிற்று. சிலருக்குத் தாம்பத்திய ஆசை குறையலாம், மனச்சோர்வு வரலாம், வந்தால் உடனே சொல்லு என்றார். கல்யாணமான பிறகு, கர்ப்பமாக இருக்கும் மனைவி உடைந்த மாத்திரையைத் தொடக்கூடாது என்றார். கல்யாணம் என்றதும் மருமகன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பலன் தெரிய நான்கைந்து மாதமாவது ஆகும், முதல் சில வாரம் கூடுதலாகவே கொட்டும், நிறுத்தினால் வந்தது போய்விடும் என்று அவர் சொன்னதும் மறுபடி சாய்ந்தான். மாத மருந்துச் செலவு கிளினிக்கின் ஒரு தவணையில் சிறு பங்குகூட இல்லை. அதுவே அவனுக்குச் சந்தேகமாக இருந்தது. இவ்வளவு மலிவாக இருந்தால் எப்படி மாமா வேலை செய்யும்?

மூன்றாவது வாரம் ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போன். "மாமா, முன்னைவிட அதிகமாக் கொட்டுது." டாக்டர் சொன்னதை நினைவூட்டினேன். அழாத குறை. எப்படியோ தாக்குப்பிடித்துவிட்டான்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது கொட்டுவது நின்றிருந்தது. உச்சியில் கொஞ்சம் இருட்டியும் இருந்தது. என் தங்கை ஜன்னல் திட்டில் கிடந்த இரண்டு மாத்திரை அட்டைகளையும் எடுத்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள். ஒன்று அவனுடையது, 1 மில்லிகிராம். மற்றது என்னுடையது, 5 மில்லிகிராம். புராஸ்டேட்டுக்காக எனக்கு எழுதியது.

"ரெண்டுலயும் ஒரே பேருதானண்ணே போட்டிருக்கு?"

"ஒரே மருந்துதான்."

"அவனுக்கு ஒண்ணுலயே முளைக்குது, உனக்கு அஞ்சு போட்டும் ஒண்ணும் காணலயே?"

"சுருங்கிக்கிட்டிருக்கிற வேரைத்தான் இது பிடிச்சு நிறுத்தும். எனக்கு வேர் போயி முப்பது வருஷமாச்சு. நான் முழுங்குறது வேற எடத்துக்கு."

அவள் இரண்டு அட்டைகளின் விலையையும் பார்த்தாள். திருப்பிப் போட்டு மறுபடியும் பார்த்தாள்.

"அப்ப உன் மாத்திரையையே நாலாப் பிட்டு அவனுக்கும் குடுத்திட்டா என்ன?"