டீக்கடையும் மேனேஜ்டு சுவிட்சும்: அம்பத்தூர் எஸ்டேட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

நோக்கம்

ஆபீஸ் மூலையில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் ஈதர்நெட் சுவிட்ச் இருவகைப்படும்: சொன்னபடி கேட்பது ஒன்று, சொல்லவே முடியாதது ஒன்று. முன்னதை மேனேஜ்டு சுவிட்ச் என்பர், விலை அதிகம். "எதுக்கு சார் இவ்வளவு ரேட்டு?" என்று அக்கவுண்ட்ஸ் பிரிவு தொன்றுதொட்டுக் கேட்டுவரும் வினாவுக்கு விடை காண்பதே இவ்வாய்வின் நோக்கம். நூலகங்களில் தேடியது வீண். விடை டீக்கடையில் இருந்தது.

களம்

1960களில் எழுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை. லேத் பட்டறைகளுக்கு நடுவே இன்று ஐ.டி. கட்டடங்களும் முளைத்திருக்கும் தெரு. முனையில் ஒரு கடை. பாய்லர் ஒன்று, மாஸ்டர் ஒருவர். நேரம் காலை பத்து மணி. ஆய்வுச் செலவு இரண்டு மசால் வடை.

நோட்டியல்

கடையில் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனிக் கணக்கு நோட்டு. பால் ஒன்றுதான், பாய்லர் ஒன்றுதான். கணக்கு மட்டும் கலக்காது. சுவிட்சில் இதன் பெயர் விலான். 1998இல் வந்த 802.1க்யூ தரத்தின்படி, போகிற ஃபிரேமில், அதாவது தரவுத் துண்டில், 4 பைட் சீட்டு ஒன்று ஒட்டப்படுகிறது. அதில் 12 பிட் நோட்டின் எண்ணுக்கு. 4,096இல் இரண்டு ஒதுக்கப்பட்டவை போக 4,094 நோட்டுகள் போடலாம். நம் கடையில் ஒரு டிராயர்தான்.

ஒரு நோட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கணக்கு மாற்ற மாஸ்டருக்கு அதிகாரமில்லை. கல்லாவில் இருக்கும் முதலாளியிடம் போக வேண்டும். ஆகவே முதலாளியே ரூட்டர் என்க. முதலாளியே டீயும் ஆற்றினால் அக்கடை லேயர் 3 சுவிட்ச் எனப்படும்.

முந்தியியல்

அதே சீட்டில் 3 பிட் முன்னுரிமைக்கு; 0 முதல் 7 வரை எட்டுப் படி. 7ஆம் படி முதலாளிக்கு என்பாரும் உளர். அது பொருந்தாது. அது சுவிட்சுகள் தமக்குள் பேசிக்கொள்ளும் பேச்சுக்கு உரியது, கடையில் "மாஸ்டர், பால் பொங்குது!" என்னும் கூப்பாடு. அதைக் கேட்காவிட்டால் மற்ற ஏழு படிக்கும் டீ இல்லை.

5ஆம் படி குரலுக்கு. போன் பேச்சு சிறு சிறு துண்டாகவே போகும். ஆனால் ஒரு பக்கம் போய்ச்சேர 150 மில்லி செகண்டுக்கு மேல் ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் "ஹலோ" என்பர். பத்து நிமிட டீ டைமில் ஓடிவரும் லேத் தொழிலாளி இந்த 5ஆம் படிக்குரியவர். பேப்பர் படிப்பவர் 0. இருபது டீக்கு ஃப்ளாஸ்க் தூக்கிவரும் ஆபீஸ் பையன், ராத்திரி பேக்கப்பைப் போல, 1. இந்த 1 என்பது 0க்கும் கீழே. ஏன் எனக் கேட்கற்க; தரம் அப்படித்தான்.

ஆக, பெரிய ஆர்டருக்கு முதலிடம் இல்லை, ஆறிப்போகிறவனுக்கே முதலிடம்.

தடையும் விடையும்

அற்றேல், தொழிலாளிகள் வந்துகொண்டே இருந்தால் பேப்பர்காரர் பட்டினியோ எனின், கறாரான முன்னுரிமையில் ஆம். அதனால்தான் தேர்ந்த மாஸ்டர் நான்கு கிளாஸ் அங்கே தந்தால் ஒன்று இங்கே தள்ளுகிறார். எடையிட்ட சுழற்சி என்பது இதுவே.

"அண்ணே, அர்ஜென்ட்!" என்று எல்லாரும் கத்தினால்? மாஸ்டர் வாயை நம்புவதில்லை, யூனிஃபார்மைப் பார்க்கிறார். நல்ல சுவிட்சும் ஐ.பி. போன் ஒட்டிய சீட்டை ஏற்கும். கம்ப்யூட்டர் தனக்குத்தானே 7 என்று ஒட்டிக்கொண்டால் கிழித்து 0 ஆக்கும், அப்படி அமைத்திருந்தால். பாடி சிக்னலில் "பிரஸ்", "வக்கீல்" ஸ்டிக்கர் வண்டிகளைப் பார்த்தவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. இத்தகைய ஸ்டிக்கர்களுக்கு 2024 மே மாதம் முதல் சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் அபராதம் விதிக்கத் தொடங்கியது. யார் ஒட்டிய சீட்டை நம்புவது என்னும் இந்த வரம்பை நெட்வொர்க்காரர்கள் நம்பிக்கை எல்லை என்று சொல்லி எத்தனையோ காலமாயிற்று.

முன்னுரிமையால் டீ கூடுமோ எனின், ஒரு சொட்டும் கூடாது. கூட்டமில்லாத மூன்று மணிக்கு எட்டுப் படியும் ஒன்றே.

முடிவு

அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு: கூடுதல் விலை வேகத்துக்கு அன்று, நெரிசலில் யார் காத்திருக்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமைக்கு. வாங்கினால் போதாது, அந்த எட்டுப் படியையும் யாராவது உட்கார்ந்து அமைக்க வேண்டும். அமைக்காத மேனேஜ்டு சுவிட்ச், மாஸ்டர் லீவு போட்ட கடை.