மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும்: ஒரு முடிச்சாராய்ச்சி

தொடர்பில்லாத இரண்டைத் தொடர்புபடுத்துகிறவனை ‘மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறான்’ என்று ஏசுவது நம் வழக்கம். மொட்டைத் தலையில் முடிய மயிர் இல்லை, முழங்காலில் இருப்பது முடிச்சுக்குப் போதாது என்பது ஏசுவோர் தரப்பு நியாயம். இந்த நியாயம் நெடுங்காலம் செல்லுபடியாயிற்று. 2016இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகர மருத்துவர்கள் ‘லான்செட்’ இதழில் ஒரு கட்டுரை எழுதி, முடிச்சைப் போட்டேவிட்டார்கள். அதை விளக்குதல் இச்சிற்றாராய்ச்சி நுதலிய பொருள்.

முதற்கண் முழங்கால். மூட்டுக்குள் எது கெட்டாலும் ‘ஜவ்வு போச்சு’ என்பது நம் வழக்கு. எலும்போடு எலும்பைக் கட்டும் நாரும் ஜவ்வு, நடுவே பிறைபோல் கிடக்கும் மெத்தையும் ஜவ்வு. இங்கே பேசப்படுவது இரண்டும் அல்ல. எலும்பின் முனையைப் போர்த்தி, தோல் உரித்த நுங்கு போல் வழவழவென்று இருக்கும் குருத்தெலும்பு. கனம் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீட்டர். பெரும்பகுதி தண்ணீர். இதற்கு ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. நடக்கையில் பிழியப்பட்டு, ஓய்கையில் மூட்டுநீரை உறிஞ்சி, அதில் கிடைப்பதை உண்டு காலந்தள்ளுகிறது. ரத்தம் வராத தெருவுக்குப் பழுதுபார்க்க ஆள் வரமாட்டான். நரம்பு இல்லாத தெருவிலிருந்து மனுவும் போகாது. சேதம் அடியெலும்பையோ அக்கம்பக்கத்தையோ தொட்ட பிறகுதான் வலி என்னும் புகார் பதிவாகும்.

குருத்தெலும்பு அழிந்தால் மீளாது என்று லண்டனில் வில்லியம் ஹன்டர் 1743இலேயே ராயல் சொசைட்டிக்கு எழுதிவைத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்தை ஒட்டித்தான் இருக்கும். முழங்காலைப் பற்றிக் கவலைப்படுகிற வயதே அல்ல.

வளராததைக் கடன் வாங்கத்தான் வேண்டும். யாரிடம் என்பதே கேள்வி. ஜெர்மனியில் எரிக் லெக்சர் வெட்டி நீக்கப்பட்ட பிறர் கால்களிலிருந்து மூட்டையே எடுத்துப் பொருத்தி, 1908இல் அதை அறிவித்தார். அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டெட்மன் கடனே வேண்டாம் என்று அடியெலும்பில் சிறு துளைகள் குத்தி, மஜ்ஜை ரத்தத்தைக் கசியவிட்டார். பள்ளம் நிரம்பியது, நிரம்பியது அசலல்ல, நார் மிகுந்த இரண்டாந்தரம். பட்டு வேட்டிக்குக் காடாத் துணி ஒட்டு.

புடாபெஸ்டின் லாஸ்லோ ஹங்கோடி 1992இல் செய்தது நமக்கு எளிதில் விளங்கும். அதே முழங்காலில் பாரம் அதிகம் விழாத ஓரத்திலிருந்து, எலும்போடு சேர்த்து, சில மில்லிமீட்டர் அகல உருளைகளாகத் தோண்டி, பள்ளத்தில் பக்கம் பக்கமாகப் பதித்தார். பெயரே மொசைக் வேலை. கற்களுக்கு இடையே வெள்ளை சிமென்ட் அடைப்பதுபோல், உருளைகளுக்கு இடையே நார்க்குருத்து தானாக வளர்ந்து அடைத்துக்கொள்ளும். எடுத்த இடத்திலும் ஓட்டை விழும் என்பதால், பெரிய பள்ளத்துக்கு இந்தத் திட்டம் ஆகாது. இடது பையிலிருந்து வலது பைக்குக் கடன் வாங்குகிறவனுக்கும் ஒரு வரம்பு உண்டு.

சுவீடனின் கோத்தன்பர்க் வழி வேறு. அது தயிர் வழி எனத்தகும். சிட்டிகைக் குருத்தெலும்பை உறைமோர்போல் எடுத்து, செல்களைப் பிரித்து, ஆய்வகத்தில் இரண்டு மூன்று வாரம் வைத்துப் பெருக்கினார்கள். பள்ளத்தின் வாய்க்குக் கணைக்கால் எலும்பின் உறைச்சவ்வை வேடு கட்டித் தைத்து, உள்ளே செல்களை ஊற்றினார்கள். 1987இல் தொடங்கி, 1994இல் 23 பேரின் கணக்கை வெளியிட்டார்கள். தொடையெலும்பு முனையில் செய்துகொண்ட 16 பேரில் 14 பேருக்கு நலம். முழங்கால் சில்லில் செய்துகொண்ட 7 பேரில் 2 பேருக்கே. சில்லு எதற்கும் எளிதில் சம்மதிக்கும் உறுப்பு அன்று என்க.

இவை யாவும் ஆட்டக்களத்திலோ விபத்திலோ ஓரிடத்தில் பெயர்ந்த மூட்டுக்கே. முழுக்கத் தேய்ந்த மூட்டுக்கு அல்ல. தரையெல்லாம் உடைந்த வீட்டில் ஒரு கல்லை மாற்றி என்ன?

இனி முடிச்சு. முழங்காலைச் சரிசெய்ய முழங்காலையே வெட்டுவானேன் என்று பாசல்காரர்கள் தலையை நோக்கினார்கள். தலையில், மொட்டையானாலும் குடுமியானாலும், மூக்கு உண்டு. மூக்கின் நடுச்சுவரில் குருத்தெலும்பு உண்டு. அதில் 6 மில்லிமீட்டர் கிள்ளி, நோயாளியின் ரத்தநீரையே ஊட்டி, செல்களைப் பெருக்கி, சவ்வில் பரப்பி ஒட்டுத்துண்டாக வளர்த்து, முழங்காலில் தைத்தார்கள். 10 பேருக்குச் செய்தார்கள். ஒருவர் விளையாட்டில் மீண்டும் மீண்டும் அடிபட்டுக்கொண்டதால் கணக்கிலிருந்து நீக்கப்பட்டார். மற்றவர்களுக்கு இரண்டாண்டுக்குப் பின் வலி குறைந்தது, கால் முன்னைவிட நன்றாக இயங்கியது.

மூக்கின் செல் முழங்காலில் குடியேறலாமோ எனின், இரண்டும் கருவிலேயே வேறு வேறு குடி என்பது உண்மை. உடம்பில் தன் இருப்பிடத்தைச் சொல்லும் ஹாக்ஸ் மரபணுக்கள் முழங்கால் செல்லில் விழித்திருக்கும், மூக்குச் செல்லில் உறங்கும். ஆனால் ஆடுகளின் முழங்காலில் வைத்துப் பார்த்தபோது, மூக்குச் செல்கள் அவ்விடத்து மரபணு வழக்கையே மேற்கொண்டன. பிழைக்கப் போனவன் இரண்டே மாதத்தில் அந்த ஊர்ப் பேச்சைப் பேசுவது நாம் காணாததா?

அங்ஙனமாயின் ஜலதோஷம் பிடித்தால் முழங்கால் ஒழுகுமோ எனின், ஒழுகாது. ஒழுகுவது மூக்கின் உட்சவ்வு, போனது குருத்தெலும்பு மட்டுமே. பொடி போட்டால் முழங்கால் தும்முமோ எனின், தும்மாது; குருத்தெலும்புக்கு நரம்பு இல்லை என மேலே கூறினாம், ஆண்டுக் காண்க.